ஒரே பெட்டு, அதே கிருமி: வார்டு கிளீனிங் எங்க கோட்டை விடுதுன்னு கண்டுபிடிக்கிற வழி

நான் திருப்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் பாக்குற நர்ஸுங்க. மாசம் ஒருக்கா ரெண்டு தடவ இதே பிரச்சனைக எங்கயாவது ஒரு மூலையில தலையக் காட்டுது, ஒவ்வொரு தடவையும் முதல்லயிருந்து தேட வேண்டியதா இருக்குது, அதான் எழுதி வெச்சுட்டா மத்த ஆஸ்பத்திரி சிஸ்டர்ங்களுக்கும் ஆகும்னு போடறேன். காசு ஆகாத காரணத்த முதல்ல வெச்சு, செலவு வைக்கிறத கடைசியில போட்டிருக்கேன். வரிசைய தாண்டாதீங்க. முதல் ரெண்டையும் பாக்காம "ஏசி மாத்தணும் சார்"னு எம்டி ரூம்ல போயி நின்னு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது எனக்குத்தான் தெரியும்.

அறிகுறி 1: பேசன்ட் மாறிக்கிட்டே இருக்காங்க, கல்ச்சர்ல (லேப்ல கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்) வர்ற கிருமி மட்டும் மாறல

ஐசியூ நாலாம் நம்பர் பெட்டு. ஒன்றரை மாசத்துல மூணு பேசன்ட். மூணு பேருக்கும் அசினெட்டோபாக்டர்ங்கற கிருமி, எந்த மருந்து கேக்குது எது கேக்கலங்கற லிஸ்ட்டும் அச்சு அசலா ஒண்ணு. அஞ்சாம் பெட்ல இல்ல, மூணாம் பெட்ல இல்ல. இப்படி ஒரு பெட்டையே சுத்திச் சுத்தி வந்துச்சுன்னா அந்தக் கிருமி அந்த இடத்துலயே குடியிருக்குதான்னு முதல்ல பாக்கணுங்க. இந்த ஜாதி காஞ்ச பரப்புல மாசக்கணக்குல உசுரோட கெடக்கும், ஈரம் சோறு ஒண்ணும் வேண்டாம் அதுக்கு.

*முதல்ல நம்ம கை.* ஹவுஸ்கீப்பிங் அக்காவக் கூப்பிட்டு சத்தம் போடறதுக்கு முன்னாடி, ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓரமா நின்னு பாருங்க. கிளவுஸ் போட்ட கையோட சளிய உறிஞ்சி எடுக்கற சக்‌ஷன் பண்ணிட்டு அதே கையில மானிட்டர் பட்டன அமுக்கி, அதே கையில கேஸ் ஷீட்ட எடுக்குறது யாருன்னு. பெரும்பாலும் நம்மாளுகதான்.

*அடுத்தது, துடைக்காம விட்ட எடம்.* இதுக்கு லேப் வேண்டாம், ஒரு யூவி பேனாவும் கள்ள நோட்டு பாக்குற யூவி டார்ச்சும் போதும், ரெண்டும் சேந்து சில நூறு ரூபாதான் ஆகும். சாயங்காலம் யாருக்கும் தெரியாம இருவது எடத்துல சின்னதா ஒரு புள்ளி வைங்க: பெட் ரெயிலோட உள்பக்கம், காலிங் பெல், ஐவி ஸ்டாண்ட் திருகு, மானிட்டர் பட்டன், சக்‌ஷன் குமிழ், பெட் ஏத்தி எறக்குற கைப்பிடி, லாக்கர் கைப்பிடி, சுவிட்ச் போர்டு, விரல்ல மாட்டுற ப்ரோப் வயர். அடுத்த நாள் கிளீனிங் முடிஞ்சப்புறம் லைட்ட அணைச்சுட்டு டார்ச் அடிங்க. தொடச்சிருந்தா புள்ளி இருக்காது, தொடைக்கலைன்னா நீலமா மினுங்கும்.

நாலாம் பெட்ல பன்னண்டு புள்ளி மினுங்குச்சு. அசிங்கமா போச்சேன்னு நெனச்சேன், ஆனா நம்ம ஒருத்தர் கதை இல்லீங்க இது. அமெரிக்காவுல 36 ஆஸ்பத்திரியில இதே மாதிரி மை வெச்சுப் பாத்ததுல துடைக்க வேண்டிய எடத்துல 48 சதவீதம்தான் தொடச்சிருந்துச்சாம், 2008ல வெளிவந்த ஆய்வு அது. கண்டுபிடிச்ச குறையச் சொல்லிச் சொல்லி மறுபடியும் பாத்தப்ப 77க்கு ஏறிருச்சு. மருந்த மாத்தி இல்ல, எடத்தக் காட்டிக்குடுத்து.

மினுங்குன பன்னண்டுல ஒம்பது, கரண்ட் சம்பந்தப்பட்ட சாமான். எங்க ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தங்க, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், என்னைய சிஸ்டர்னு கூப்பிடாது, அம்மிணிம்பாங்க. "ஏனுங்க்கா மானிட்டர தொடைக்கல"ன்னு கேட்டேன். "அதையெல்லாம் தொட்டுப்போட்டு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா சம்பளத்துல புடிச்சுக்குவாங்கன்னு போன வருசம் வந்த சிஸ்டர் சொல்லுச்சுங்க அம்மிணி"ன்னாங்க. சிஸ்டருங்களக் கேட்டா "கிளீனிங் அவுங்க வேலைதானே". ரெண்டு பேரும் பொய் சொல்லல, நடுவுல ஒம்பது சாமான் அனாதையா நிக்குது. இதுக்கு மருந்து ஒரு பேப்பர்தான்: எடம், யாரு, எந்நேரம், எதுல தொடைக்கணும். வயரும் மானிட்டரும் நர்ஸ் தலையில, ரெயில், லாக்கர், ஸ்டாண்டு ஹவுஸ்கீப்பிங். அதைய பெட் தலமாட்டுல ஒட்டுங்க, ஃபைல்ல போட்டு பூட்டாதீங்க.

*டிஸ்சார்ஜ் அவசரம்.* கேசுவால்ட்டியில ஆள் காத்துக்கிட்டு இருக்கறப்ப "பெட் ரெடியா, பெட் ரெடியா"ன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு ஃபோன் வருமுல்ல, அப்ப தொடைக்கறது எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. செக் பண்றது சுலபம், பேசன்ட் எறங்குன நேரமும் அடுத்தவங்க ஏறுன நேரமும் ரிஜிஸ்டர்ல இருக்கும், கழிச்சுப் பாருங்க. எங்க ஐசியூவுல பதினஞ்சு நிமிசம்தான் வந்துச்சு. மருந்து ஈரமா நிக்க வேண்டியதே பத்து நிமிசம், அப்புறம் எங்க தொடைச்சாங்க? இப்ப முக்கா மணி நேரத்துக்கு முன்னாடி பெட்ட விடறதில்லைன்னு அட்மிஷன் டெஸ்க்ல எழுதி ஒட்டியாச்சு. சண்டை வரும். வரட்டும்.

*துணி.* நம்மூர்ல பனியன் வேஸ்ட் கிலோ கணக்குல கெடைக்குது, அது வரம்னுதான் சொல்வேன், ஒரு பெட்டுக்கு ஒரு துணி, முடிஞ்சா குப்பையில போட்டுரலாம், தொவைக்கற வேலையே இல்ல. ஆனா ரெண்டு தப்பு நடக்குது. ஒண்ணு, அவ்வளவு துணி இருந்தும் ஒரே துணிய பக்கெட்ல முக்கி முக்கி பத்து பெட்டத் தொடைக்கறது, அது கிருமிய வீடு வீடா பத்திரிக்கை குடுக்கற மாதிரி. ரெண்டாவது, குவாட் வகை மருந்துல, அதாங்க பென்சால்கோனியம் குளோரைடு போட்டு வர்ற மருந்து, காட்டன் துணிய ஊற வெச்சீங்கன்னா பருத்தி அந்த மருந்த இழுத்து வெச்சுக்கும், பரப்புல போயி சேர்றது கம்மியாயிரும். அந்த மருந்துக்கு மைக்ரோஃபைபரா பாலியஸ்டரான்னு கம்பெனிக்காரங்கள கேட்டுட்டு வாங்குங்க.

*மெத்தை.* மேல சொன்னது எல்லாம் சரி பண்ணி ஒரு மாசம் கழிச்சு நாலாம் பெட்ல மறுபடியும் வந்துச்சுங்க. அழுகையே வந்துருச்சு. அப்புறம் மெத்தையத் திருப்பிப் போட்டுப் பாத்தா, இடுப்பு படற எடத்துல ரெக்ஸின்ல விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், அதுக்கு மேல பிளாஸ்டர் ஒட்டியிருக்குது. பிளாஸ்டர உரிச்சா உள்ள ஸ்பாஞ்ச் காபி கலர்ல இருக்குது. மேல எத்தன தடவ ஹைப்போ, அதாங்க சோடியம் ஹைப்போகுளோரைட், போட்டுத் தொடச்சு என்ன ஆகப் போகுது? டெஸ்ட் இப்படிப் பண்ணுங்க: மெத்தை நடுவுல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, முஷ்டியால நல்லா அமுக்கி, பத்து நிமிசம் விட்டு, ஜிப்பத் தொறந்து உள்ள டிஷ்யூ பேப்பர் வெச்சு ஒத்திப் பாருங்க. ஈரம் வந்தா மெத்தைய ஒதுக்கிருங்க, பிளாஸ்டர் போட்டு ஓட்டாதீங்க. இந்த ஒரு செலவுக்கு மட்டும் மேனேஜ்மென்ட்கிட்ட ஸ்பாஞ்ச ஃபோட்டோ எடுத்துக் காட்டுனேன், மறுபேச்சு இல்ல.

ஸ்கிரீன் துணி, அதான் பெட்டுக்கு பெட்டு தொங்குதே, அதையும் மறந்துருவாங்க. கடைசியா எப்ப தொவைச்சீங்கன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியலைன்னா இன்னிக்கே கழட்டுங்க.

*எப்ப ஆளக் கூப்பிடறது:* இவ்வளவும் முடிஞ்சப்புறம் அதே கிருமி இன்னொரு தடவ, இல்ல ஒரே வாரத்துல ரெண்டு பெட்டுக்குத் தாண்டிருச்சு, அப்ப மைக்ரோபயாலஜிஸ்ட். செவுத்துலயும் தரையிலயும் நீங்களா ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பாதீங்க, எதைத் தேடறோம்னு தெரியாம எடுத்தா எல்லா எடத்துலயும் எதாச்சும் ஒண்ணு வளரும், காசுதான் போகும்.

அறிகுறி 2: ஹைப்போ போடறோம், ஆனா போட்ட மாதிரியே இல்ல

*அளவு எப்படி எடுக்கறாங்கன்னு பாருங்க.* "ரெண்டு மூடி ஊத்துவோம் சிஸ்டர்." எந்த மூடி? பக்கெட்ல தண்ணி எவ்வளவு? கேன் மேல எத்தன சதவீதம்னு போட்டிருக்குதோ அதை வெச்சுத்தான் எல்லாமே. 5 சதவீத கேன்னா கணக்கு இதுதான், செவுத்துல பெயின்ட்ல எழுதி வெச்சுக்கலாம்:

ரத்தம் கித்தம் சிந்துனா, 1 சதவீதம்: ஒரு லிட்டர் வேணும்னா 200 மில்லி ஹைப்போ, 800 மில்லி தண்ணி.
வயித்தால போற பேசன்ட் ரூம், 0.5 சதவீதம்: 100 மில்லிக்கு 900 தண்ணி.
தெனமும் தொடைக்கறதுக்கு, 0.1 சதவீதம், அதாவது 1000 பிபிஎம்: பத்து லிட்டர் பக்கெட்டுக்கு 200 மில்லி.

10 சதவீத கேன் வந்துச்சுன்னா ஹைப்போ இதுல பாதி, மிச்சத்துக்குத் தண்ணி. கம்பெனி மாத்துறப்ப பர்ச்சேஸ்காரங்க இதைய சொல்லவே மாட்டாங்க, கேன் கலர் ஒண்ணா இருக்கும், உள்ள இருக்கறது வேற.

*எப்ப கலக்குனது?* காலையில கலக்குனது அன்னிக்கோட சரி. நேத்து மிச்சத்துல இன்னிக்கு கொஞ்சம் ஊத்தி ரொப்பறது ஆகவே ஆகாது.

*கேன் எங்க நிக்குது?* எங்க ஸ்டோர் மொட்டைமாடியில ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில இருந்துச்சு. சித்திரை வெயில்ல உள்ள போனா மூஞ்சி வெந்துரும். ஹைப்போவுக்கு சூடும் வெளிச்சமும் ஆகாது, ஸ்ட்ராங்கா வாங்குன கேன்தான் இன்னும் வேகமா சப்புனு போகும். மூணு மாசத்துக்கு மொத்தமா வாங்குனா டிஸ்கவுன்ட்டுன்னு வாங்கி அடுக்கி வெச்சிருந்தாங்க, கடைசி கேன் வெறும் உப்புத்தண்ணி மாதிரிதான் இருந்திருக்கும். ஹை ரேஞ்ச் குளோரின் ஸ்ட்ரிப்னு கேட்டு வாங்கி முக்கிப் பாருங்க, குடிதண்ணிக்குப் பாக்குற ஸ்ட்ரிப் இதுக்கு ஆகாது.

*அழுக்கு மேலயே ஊத்தறாங்களா?* ரத்தம், வாந்தி, சளி இருக்கறப்ப மேல ஹைப்போவ ஊத்துனா அதோட சக்தி அழுக்கோட சண்டை போட்டே தீந்துரும். டிஷ்யூவோ துணியோ போட்டு ஒத்தி எடுத்து மஞ்ச கவர்ல போட்டுட்டு, சோப்புத் தண்ணியில தொடச்சு, அப்புறம் ஹைப்போ.

*காஞ்சுருதா?* பத்து நிமிசம் ஈரம் நிக்கணும். ஃபேன ஆறுல வெச்சுக்கிட்டு தொடச்சா மூணு நிமிசத்துல காஞ்சு போயிருது. ஃபேன நிறுத்துங்க, இல்லைன்னா மறுக்கா ஒரு கை தொடைங்க.

இரும்பு, ஸ்டீல் சாமான்ல பத்து நிமிசம் கழிச்சு நல்லதண்ணியில ஒரு தொடை, இல்லைன்னா துரு ஏறி அதுவே கிருமிக்கு வீடாயிரும்.

அறிகுறி 3: பாத்ரூம் கழுவுறப்ப கண்ணெரியுது, மூச்சு முட்டுது

இதுக்கு மட்டும் காரணம் தேடிக்கிட்டு நிக்காதீங்க. உடனே வெளிய வாங்க, எல்லாரையும் கூட்டிட்டு. கதவு ஜன்னலத் தொறந்து விட்டுட்டு தள்ளிப் போங்க, திரும்ப உள்ள போயி பக்கெட்ட எடுக்கறேன்னு வீரம் காட்ட வேண்டாம். இருமல் நிக்கல, நெஞ்சு இறுக்குதுன்னா நேரா கேசுவால்ட்டி டாக்டர்கிட்ட.

நடந்தது என்னன்னா, நம்மூரு போர் தண்ணி உப்பு, டைல்ஸ்ல வெள்ளையா படியும், அது போகறதுக்கு ஆசிட் ஊத்துவாங்க, அது காயறதுக்குள்ள மேலயே ஹைப்போவையோ பிளீச்சிங் பவுடரையோ போடுவாங்க. ரெண்டும் சேந்தா குளோரின் வாயு. ஆசிட் பாட்டிலும் ஹைப்போ கேனும் ஒட்டுக்கா ஒரே ட்ராலியில இருந்துச்சுன்னா இன்னிக்கே பிரிச்சு வைங்க. ஆசிட் கழுவுற நாள் வேற, ஹைப்போ போடற நாள் வேறன்னு வெச்சா இன்னும் நல்லது.

அறிகுறி 4: தரை பிசுபிசுங்குது, மாப்பு நாறுது, "பினாயில் வாசமே வரல"ன்னு புகார்

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் மருந்து அதிகம், இல்லைன்னா உப்புத்தண்ணி. சோப்பும் குவாட் மருந்தும் கடினத் தண்ணியில ஒழுங்கா வேலை செய்யாது. பக்கெட் கலக்கறதுக்கு மட்டுமாவது ஆத்துத்தண்ணி லைன்லயிருந்து புடிச்சுப் பாருங்க, ஒரு வாரத்துல வித்தியாசம் தெரியும்.

மாப்பு நாத்தத்துக்கு பக்கெட்லயே ஊறப் போட்டுட்டு வீட்டுக்குப் போறதுதான் காரணம். அலசி, வெயில்ல தலைகீழா காயப் போடுங்க, கொங்கு நாட்டுல வெயிலுக்கா பஞ்சம். பாத்ரூம் மாப்பு வார்டுக்குள்ள வரக்கூடாது, கைப்பிடியில கலர் டேப் சுத்தி விட்டா படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். சீமாறு வார்டுக்குள்ள வேண்டவே வேண்டாம், கூட்டக் கூட்ட தூசி கெளம்பி பக்கத்து பெட்ல உக்காரும், ஈரத்தால வழிச்சு எடுங்க.

வாசம் விசயத்துல மட்டும் எனக்குக் கோவம் வரும். ஒறம்பரை வந்து மூக்கச் சுளிக்கறாங்கன்னு வெள்ளை பினாயில ஊத்தச் சொல்றது, அது வாசம்தான், அத நம்பி வார்டு சுத்தமாயிருச்சுன்னு நெனைக்க முடியாது. பீனால் வகை கறுப்பு பினாயில பச்சக்கொழந்தை வார்டுலயும் இன்குபேட்டர்லயும் போடவே கூடாது, 1970கள்ல அமெரிக்காவுல பீனால் மருந்து போட்ட நர்சரிகள்ல கொழந்தைகளுக்கு மஞ்சக்காமாலை அதிகமாகி அப்புறம்தான் காரணம் தெரிஞ்சுது.

அறிகுறி 5: வாஷ்பேசின் பக்கத்து பெட்டுக்கே சூடோமோனாஸ், கிளெப்சியெல்லாங்கற கிருமிக வருது

பேசின் கை கழுவறதுக்கு. ஆனா பாருங்க, மிச்ச டெக்ஸ்ட்ரோஸ், டியூப்ல குடுத்த பால், ஸ்பாஞ்ச் பாத் தண்ணி எல்லாம் அதுலதான் போகுது. ஓட்டைக்குள்ள இருக்கற கிருமிக்கு நாமளே சர்க்கரைத் தண்ணி ஊத்தி வளக்கறோம்.

முதல் வேலை அதை நிறுத்தறது, கழிவத் தனி சிங்க்ல ஊத்தணும். அடுத்து, பேசின்ல இருந்து ஒரு மீட்டருக்குள்ள இன்ஜெக்‌ஷன் ட்ரே, பஞ்சு டப்பா இருந்தா நகத்துங்க. அப்புறம் குழாயத் தொறந்து பாருங்க, தண்ணி நேரா ஓட்டை மேல விழுந்து தெறிக்குதா? பேசின் சுத்தி நியூஸ் பேப்பர் விரிச்சு ரெண்டு நிமிசம் தண்ணி விட்டா எவ்வளவு தூரம் தெறிக்குதுன்னு சொட்டு சொட்டாத் தெரியும். அப்படீன்னா குழாய் மூக்கத் திருப்பணும், இல்ல மாத்தணும். அடியில வளைஞ்ச பைப்ப மாத்தறது பிளம்பர் வேலை, கழட்டறப்ப பக்கத்து பேசன்ட்ட நகத்திட்டு கழட்டச் சொல்லுங்க. ஓட்டையில மருந்து ஊத்தி ஊத்திப் பாத்தோம், சில நாள்ல திரும்ப வந்துருது, வழுவழுன்னு படிஞ்சதுக்கு அடியில அது பத்திரமா இருக்குது.

கையோட லிக்விட் சோப் டப்பாவையும் பாருங்க. தீரத் தீர மேல ஊத்தி ரொப்பறாங்கன்னா சோப்புக்குள்ளயே கிருமி வளரும். காலி பண்ணி, கழுவி, காய வெச்சு, அப்புறம் ஊத்தணும்.

அறிகுறி 6: ஒரே வார்டுல நாலஞ்சு பேருக்கு வயித்தால போகுது

ஆன்டிபயாடிக் ஓடறவங்களா, இல்ல எல்லாருமேவா? இதுதான் பிரியற எடம்.

ஆன்டிபயாடிக் ஓடறவங்களுக்கு மட்டும்னா சி டிஃபிசில்னு ஒரு குடல் கிருமி, அது மேல ஒரு சந்தேகம் வைங்க. அதோட வித்துகள கையில தடவுற ஆல்கஹால் ரப் கொல்லாது, குவாட் மருந்தும் கொல்லாது. சோப்பும் தண்ணியும் போட்டு கழுவணும், ரூமுக்கு 0.5 சதவீத ஹைப்போ பத்து நிமிசம். பெட்பேன், கமோடு சேர், ஃப்ளஷ் கைப்பிடி, பாத்ரூம் கதவுத் தாழ்ப்பா.

எல்லாருக்கும், கூட இருக்கறவங்களுக்கும் போகுதுன்னா தண்ணி, சாப்பாடு பக்கம் திரும்புங்க. மேல்தொட்டி மூடி இருக்குதா, கடைசியா எப்ப கழுவுனது, குழாய் முனையில குளோரின் 0.2 பிபிஎம்மாவது காட்டுதா. எங்களுக்கு ஒரு தடவ கேன் தண்ணி டிஸ்பென்சரோட உள்பக்கமே பச்சையா இருந்துச்சு, வருசத்துக்கு ஒருக்கா கூட யாரும் கழட்டுனதில்ல.

ரெண்டு மூணு நாளுக்குள்ள ஒரே வார்டுல மூணு பேருன்னா காத்திருக்காதீங்க, மலம் சாம்பிள் எடுத்து வெச்சுட்டு டாக்டருக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்லிருங்க.

அறிகுறி 7: ஆபரேஷன் பண்ண காயம் சீழ் பிடிக்குது, எல்லாரும் "ஃப்யூமிகேஷன் போடு"ங்கறாங்க

தரைய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஆட்டோகிளேவ், அதான் ஆபரேஷன் சாமான ஆவியில கிருமி நீக்கற மெஷின், அதோட ரிஜிஸ்டர எடுங்க. கலர் மாறுற ஸ்ட்ரிப் ஒவ்வொரு லோடுலயும் இருக்குதா, கிருமி வித்து சாகுதான்னு பாக்குற ஸ்போர் டெஸ்ட் வாராவாரம் போகுதா. எங்க அனுபவத்துல பாதி நேரம் கதை அங்கயே முடிஞ்சுருது.

அடுத்து கதவு. கேஸ் நடக்கறப்ப எத்தன தடவ தொறக்குதுன்னு ஒரு நாள் கோடு போட்டு எண்ணுங்க, சிரிப்பு வரும். அப்புறம் முதல் கேஸுக்கு முன்னாடி லைட், டேபிள், மெஷின் மேல ஈரத்துணி பட்டுச்சா. அப்புறம்தான் ஏசி ஃபில்டர்.

ஆனி ஆடியில நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் காத்து அடிக்குமுங்க, உடுமலை பல்லடம் பக்கம் காத்தாடிக சுத்தற அதே காத்து, காலையில தொடச்ச ஜன்னல் திண்டுல மத்தியானம் விரல்ல பேரு எழுதலாம். அந்த ரெண்டு மாசம் ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) காரிடார் ஜன்னல மூடி வெச்சு, தொடைக்கறத நாளைக்கு ரெண்டு தடவ ஆக்குங்க. பக்கத்துல கட்டட வேலை, செவுரு இடிக்கறது நடந்தா அதுவும் இதேதான், பூஞ்சை வித்து தூசியோட வரும், தரையிலயிருந்து கூரை வரைக்கும் பிளாஸ்டிக் ஷீட் கட்டாம வேலைய ஆரம்பிக்க விடாதீங்க.

ஃபார்மலின் புகை போடறத நாங்க விட்டுட்டோம். அது புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே முதல் வகையில வெச்சாச்சு, போதாததுக்கு அழுக்கு இருக்கற டேபிள் மேல புகை போட்டா அழுக்கு அப்படியேதான் இருக்கும். ஓ.டி.க்குள்ள மணிக்கு இருவது தடவ காத்து மாறுதா, உள்ள இருந்து வெளிய தள்ளுதாங்கறது ஏசி இன்ஜினியர் மீட்டர் வெச்சு அளக்கற வேலை. கதவ லேசாத் தொறந்து இடுக்குல ஒரு டிஷ்யூ பேப்பரப் புடிங்க, வெளிய பறக்காம உள்ள இழுத்துச்சுன்னா அன்னிக்கே இன்ஜினியர கூப்பிடுங்க, அவசரமில்லாத எலெக்டிவ் கேஸ தள்ளி வைக்கச் சொல்லி சர்ஜன்கிட்டயும் பேசிருங்க.

ஃபோன் பண்றதுக்கு முன்னாடி கையில வெச்சுக்க வேண்டியது

சொந்தமா மைக்ரோபயாலஜிஸ்ட் இல்லாத ஆஸ்பத்திரின்னா பக்கத்து மெடிக்கல் காலேஜ், நம்ம பக்கம் கோயமுத்தூரோ பெருந்துறையோ, அங்க அந்த டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாக்கலாம். அதுக்கு முன்னாடி வார்டு மேப்ப கையால வரைஞ்சு, எந்த பெட்டு, எந்த தேதி, என்ன கிருமி, எந்த மருந்து கேக்கல, அந்த பெட்ல அதுக்கு முன்னாடி யாரு இருந்தாங்க, எத்தன மணிக்கு காலி ஆச்சு, யாரு தொடச்சாங்கன்னு ஒரே பேப்பர்ல எழுதிக்கங்க. "எல்லாருக்கும் இன்ஃபெக்‌ஷன் வருதுங்க டாக்டர்"னு நான் ஒருக்கா வெறுங்கையோட ஃபோன் பண்ணேன். "எந்த பெட்டும்மா?"ன்னாங்க. பாத்துட்டு வர்றேன்னு ஃபோன வெச்சவதான், பதில் கெடைக்க மூணு நாள் ரிஜிஸ்டரப் புரட்டுனேன்.